அரைப்பேர்

ஹட்டனில், பேக்கரி மாடி ஸ்டூடியோவில் தொடங்கினேன்.
சாமத்திய வீட்டு வீடியோ.
என் முதல் கதாநாயகி மஞ்சள் பொடிக்குத்
தும்மிக்கொண்டே இருந்தாள்.
தும்மலை நான் வெட்டவில்லை.
முதலாளி சம்பளத்தில் வெட்டினார்.

பிறகு கொழும்பு, ஏழு வருஷம்,
வெள்ளவத்தையில் ஜன்னல் இல்லாத அறை.
நூற்றுப் பதினெட்டு எபிசோடுக்கு வசனம்.
மாமியார் பாலில் விஷம் கலந்தது நான்.
பூனை அதைத் தட்டிவிட்டதும் நான்.
திரையில் ஓடியது: கதை இலாகா.

எங்கள் தோட்டத்தில் இதற்குச் சொல் உண்டு.
விடிந்ததிலிருந்து மலையில் நின்றாலும்
தராசில் இரண்டு கிலோ குறைந்தால்
அரைப்பேர்.
அன்றைக்கு அம்மா கூடையை
வாசலில் வைக்கமாட்டாள், எறிவாள்.

இப்போது என் படம்.
தயாரிப்பு: அடகுக் கடையில் என் வளையல்கள்,
அண்ணன் விற்ற த்ரீவீலர்.
பொகவந்தலாவையில் இரண்டாம் நாள்
பனிமூட்டம் வந்து
முதல் ஷாட்டில் இருந்த மலையைக் கொண்டுபோய்விட்டது.
நுவன் லென்சைத் துடைக்கிறான், துடைக்கிறான்.
கூட்டக் காட்சிக்கு அழைத்த நாற்பது பெண்கள்
இடுப்புப் படங்கை விரித்து உட்கார்ந்து
வெற்றிலை மெல்கிறார்கள்.

செபமாலை அக்கா எழுந்து வந்தாள்.
"பனி விழுந்தது எங்க குத்தமா புள்ள?
இன்னைக்கிப் பேர் உண்டா?"

முழுப்பேர் என்றேன்.
காசு மட்டுமில்லை,
படம் முடியும்போது திரையிலும் ஓடும் என்று
கண்டினியூட்டி நோட்டை நீட்டினேன்.

அவள் பேனாவை வாங்கவில்லை.
"நீயே எழுது. ஆனா
மெதுவா ஓட விடு,
நாங்க எழுத்துக் கூட்டித்தான் படிப்போம்."