கிட்டிவேக்குக்குப் புதுப் பாய்

மூன்று பேருக்கு ஒரு படகு.
டென்சிலுக்குப் பாதி, மீதியில் பாஸ்கோவும் நானும்.
செப்டம்பர் கடைசியில், மேனக்கிள்ஸ் பாறைகளுக்கு வெளியே
பெரும்பாய் கிழிந்தது,
நைந்த தலையணை உறைபோல, அதிகம் சத்தமில்லாமல்.
எஞ்சின் இருமி இருமி
எங்களைப் பென்ரின் ஆற்றுக்குள் கொண்டுவந்து போட்டது.

நவம்பரில், பியர் வளையம் பதிந்த மேசையில் இரண்டு தாள்கள்.
ஒன்று, பெயின்ட் கடை மாடியில் பாய் தைக்கும்
டெகன் ரோஸ்வார்ன் கொடுத்தது:
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு.
'ஏப்ரல் முடியட்டும், நடுவில் வந்து கேட்காதீர்கள்'
என்று பென்சிலில் ஒரு வரி.
மற்றது ஹாங்காங்கிலிருந்து:
ஆயிரத்து அறுநூற்று நாற்பது. ஆறு வாரம். வரி தனி.

டென்சில் கணக்கை எடுத்து வைத்தான்.
"துணி ரெண்டுக்கும் ஒரே ஆலை, லவ்டே.
அவளும் இறக்குமதிதான் செய்கிறாள்.
உள்ளூர் என்பது நூலிலா இருக்கிறது?
கடை வாடகையில் இருக்கிறது."

நியாயமான பேச்சு.
நான்கு வருடம் முன்புவரை
டெகன் அவன் மனைவி என்பதை மட்டும்
யாரும் கூட்டலில் சேர்க்கவில்லை.

தைக்க விரித்த பாயில்தான் அவர்கள்
முதன்முதலாகச் சேர்ந்து படுத்தார்கள், ஊருக்கே தெரியும்.
யாருடைய பாய் என்பதில்தான் தகராறு.
தன்னுடையது என்கிறான் பாஸ்கோ,
கொஞ்சம் பெருமையாகவே.

நான் ஹாங்காங்குக்குக் கை தூக்கினேன்.
கொள்கை எதுவும் இல்லை.
அந்த வாரம் என் வீட்டு பாய்லர் செத்திருந்தது.

படிவத்தில் முப்பத்தொரு கட்டங்கள்.
டெகனிடம் போயிருந்தால் டேப்பை அவள் பிடித்திருப்பாள்.
ஜனவரி ஆலங்கட்டி மழையில்
டென்சில் பாய்மரத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு எண்களைக் கத்த,
பாஸ்கோ நல்ல காதைத் திருப்பிக் கேட்டுச் சொல்ல,
நான் கையுறையோடு எழுதினேன்.

இரவு பதினொன்றுக்குத் திருமதி ஔயங்கிடமிருந்து பதில்:
'உங்கள் பருமல் பாய்மரத்தைவிட நீளமா?
அன்புகூர்ந்து மறுபடி அளக்கவும்.'
மறுபடி அளந்தோம். மறுபடி கேட்டார்.
உங்கள் பக்கம் காற்று எப்படி என்றும் கேட்டிருந்தார்,
அதற்கு எந்தக் கட்டமும் கிடையாது.
மோசம், என்று எழுதினேன்.
அப்படியானால் மூலைகளில் இன்னொரு மடிப்புத் துணி
வைக்கிறேன், விலை அதேதான், என்றார்.

மார்ச்சில் அட்டைப்பெட்டி வந்தது.
குறை கண்டுபிடிக்க மூன்று பேரும் கண்ணாடி மாட்டிக்கொண்டோம்.
தையல் எறும்பு வரிசை மாதிரி,
ஓர் எறும்பும் வழி தவறவில்லை.
ஏற்றப் போனால்
பதினான்கு கொக்கிகளில் ஒன்றுகூட
மரத்தின் காடிக்குள் நுழைய மறுத்தது.
இருபத்தேழாவது கட்டம்.
அளக்காமல், ஞாபகத்திலிருந்து டென்சில் சொன்ன எண்.

ஊரில் கொக்கி மாற்றுகிற ஆள் ஒருத்திதான்.

நான் வேனிலேயே இருந்தேன்.
பாயைத் தோளில் போட்டுக்கொண்டு
மாடிப்படி ஏறினான், குற்றப்பத்திரிகையைத் தானே
சுமந்து போகிறவனைப் போல.
ஒரு மணி நேர வேலை.
மூன்றரை மணி நேரம் கழித்து இறங்கினான்.
"என்ன சொன்னாள்?"
"நல்ல தையல், யார் தைத்தது என்று கேட்டாள்."
"வேறு?"
"நாற்பத்தைந்து பவுண்டு."
சட்டையில் நூல் துணுக்குகள்.
நான் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு, பிளாக் ராக் தாண்டினோம்.
மேற்கிலிருந்து அளவான காற்று.
பாய் நிறைந்து நின்றது,
கீழ் முனையிலிருந்து மேல்நோக்கி ஒரே ஒரு சுருக்கம் தவிர.

டென்சில் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இதை ஒருமுறை அவளிடம் காட்டிவிடலாம்" என்றான்,
யாரிடமும் இல்லாமல்.

பாஸ்கோ எழுந்தான்.
"இதற்கா? கீழ்க்கயிற்றை ஒரு சாண் இழுத்தால்..."

அவன் காலை நன்றாக மிதித்தேன்.