ஒற்றைச் செருப்பு

சௌராஸ்தா சந்தை மாடியில்
ஆளைப் பார்த்து விலை சொல்பவரிடம்
ஐந்து வெள்ளிக்கு வாங்கினேன்.
அட்டை இல்லை. முதல் ஒன்பது பக்கமும் இல்லை.
ருஷ்ய நாட்டுக் கதை என்பது மட்டும் தெரிந்தது.
பத்தாம் பக்கத்தில் ஒரு குளத்துப் பூதம்
தண்ணீர் வாரியத்தில் வரிசையில் நிற்கிறது,
முந்நூறு வருஷத்துப் பாக்கியைத்
தவணையில் கட்ட.
தரையெல்லாம் ஈரமாக்குகிறாயே என்று
கூட்டுகிற பெண் திட்டுகிறாள்.

இரவு ஷிஃப்ட் முடிந்த தொழிற்சாலை பஸ்ஸில்
எல்லாரும் வாய் பிளந்து தூங்க
நான் மட்டும் சிரித்தேன்.
முன் இருக்கை நூர்லைலா திரும்பினாள்:
"காதலனா?"
"இல்லடி, பூதம்."
பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு
ஜன்னல் ஓரம் நகர்ந்துவிட்டாள்.

கோழிக்கால் முளைத்த குடிசைக்கு
நகராண்மைக் கழகம் சம்மன் எழுதுகிறது.
எந்தக் காலில் ஒட்டுவதென்று
அதிகாரி சுற்றிச் சுற்றி வர,
குடிசையும் சுற்றுகிறது
வாசலைக் காட்டாமல்.
அந்த அதிகாரியை எனக்குத் தெரியும்.
புலாவ் திக்குசில் என் மோட்டாருக்கு எழுதியவர்.

பக்கமெல்லாம் பனி.
என் மூக்கு நுனி வியர்வை ஒரு சொட்டு
ஜனவரி மேல் விழுந்து
ஒரு கிராமமே கரைந்துபோனது.

வீட்டுப் பூதம் அடுப்புக்குப் பின்னால் இருக்குமாம்.
வீடு மாறும்போது
பழைய செருப்பை நீட்டி
வாங்க என்று கூப்பிட வேண்டுமாம்.
கதையில் ஒரு குடும்பம் புதுச் செருப்பை நீட்டுகிறது;
விரலைக் கடிக்கிறது என்று
எழுத்து மூலம் புகார் வருகிறது.

ஆயர் ஈத்தாம் பதினோராவது மாடியை
நான் காலி செய்த அன்று
அடுப்பு இருந்த இடத்தில்
எண்ணெய்ப் பிசுக்கு சதுரமாய் நின்றது.
யாரும் பார்க்கவில்லை.
வார் பிய்ந்த சிலிப்பரை அங்கே வைத்துச் சொன்னேன்:
"வாங்க. கடல் தாண்டணும்.
பயப்படாதீங்க, பாலம் இருக்கு."
எதற்கும் மலாயிலும் ஒருமுறை.

லாரிக்கார இங்,
மடியில் ஒற்றைச் செருப்போடு ஏறியவளை
ஒன்றும் கேட்கவில்லை.
பாலத்தின் நடுவில் மட்டும் வேகம் குறைத்தார்.
"காத்து ரொம்ப அடிக்குது.
உங்க ஆளுக்குக் குளிருமா? கண்ணாடிய ஏத்தவா?"
போன மாதம் ஒரு சீனத்து அம்மா
அடுப்படிச் சாமியை
ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம்.
"எல்லாம் ஒரே வாடகைதான்" என்றார்.

பட்டர்வொர்த்தில் மூன்றாம் இரவு.
அரிசி டின் மூடி தானாக விழுந்தது.
காற்று என்று வைத்துக்கொள்ளலாம்,
ஜன்னல் சாத்தியிருந்தாலும்.

எழுந்து விளக்கைப் போட்டு
சம்மன் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன்.
குடிசை இரண்டாம் சுற்று வரும்போது
அடுப்புக்குப் பின்னால் ஒரு இருமல்,
சிரிப்பை அடக்குகிறவர் இருமுவது போல.

கீழ்வீட்டுக்காரராக இருக்கலாம்.
மூன்றாம் சுற்றை
இன்னும் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன்.