பீ மூன்று

உறுதியின் அட்டவணை சொன்னது:
வடக்கே குளக்கட்டு, கிழக்கே ஒழுங்கை,
தெற்கே தம்பிமுத்து காணி,
மேற்கே தனிப் பாலை.

எதிராளியின் சட்டத்தரணி எழும்பினார்.
"அப்படியொரு மரம் அங்கே நின்றதேயில்லை, கனம் நீதிபதி அவர்களே."

கொழும்பில் மூன்று வருஷம்
ஆங்கிலத்தில் பாடமாக்கிய சாட்சியச் சட்டம்
முல்லைத்தீவு வெக்கையில்
என் இரவல் கோட்டுக்குள் வியர்த்தது.
இல்லாத மரத்தை எப்படி விசாரிப்பது?
தவணை கேட்டேன். தந்தார்கள்.
அது ஒன்றுதான் இங்கே கேட்டவுடன் கிடைக்கும்.

மறு தவணைக்குத் தவமலர்
ஒட்டுசுட்டானிலிருந்து முதல் பஸ்சில் வந்தா.
ஒன்றும் பேசவில்லை.
யூரியாப் பையைச் சாட்சிக் கூண்டில் கவிழ்த்தா.

மண்ணோடு ஓர் அடிக்கட்டை.
நடுவில் துருப்பிடித்த செல் துண்டு,
அதை விழுங்கி
வருஷக்கணக்காய்த் தடித்த மரம்.
வாள் ஓடிய முகத்தில் மட்டும்
பால் இன்னும் பிசுபிசுத்தது.

எதிராளி தன் செருப்பைப் பார்த்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி,
கிட்ட வந்து, விரலால் தொட்டு,
மணந்தும் பார்த்தார்.
"அடையாளமிடுங்கள். பீ மூன்று."

தீர்ப்பில்லை. அடுத்த தவணை ஓகஸ்ட் பன்னிரண்டு.

சான்றறைப் பூட்டுக்குக் கீழால்
எறும்புகள் சாரை சாரையாய்ப் போவதாக
முதலியார் முறைப்பட்டார்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

மேற்கேயாம்.