ஒன்பதாம் வளைவில் வரையாடு

மருதமலை ரோட்டில், ஹாஸ்டல் வாசலில்,
விடியக்காலம் நாலரைக்கு ஏறினார்கள் பதினோரு பேர்.
எத்தியோப்பியாவாம். மண்ணும் விதையும் படிக்கக்
கோயமுத்தூர் வந்த பிள்ளைகள்.
சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை சாமி,
திங்கள் காலை பரீட்சை
என்று கணக்குச் சொன்னான் தெஸ்ஃபாயே.
வாடகை பேசும்போதே நிபந்தனை:
"பால் இல்லை, நெய் இல்லை, முட்டை இல்லை.
ஐம்பத்தஞ்சு நாள் நோன்பு, திருமூர்த்தி அண்ணா."
தெரிந்த மெஸ்ஸில் சொல்லி
அரிசிம்பருப்பு பார்சல் கட்டினேன், நெய் ஊற்றாமல்.
மெஸ்காரருக்கு மனசே ஆறவில்லை:
"விருந்தாளிக்கு வெறுஞ்சோறு போட வெக்கறியேப்பா."

வரக்காப்பி குடித்தபடி ஒருத்தன் சிரித்தான்:
"காப்பிக்கு எங்க ஊர்தானுங்க பொறந்த வீடு."
'ங்க' போடக் கற்றுக்கொண்டுவிட்டான்.

கண்ணாடி பார்த்து ஓட்டுகிறவன் நான்.
பின்னால் வருகிற லாரியும் தெரியும்,
பின்னால் இருக்கிற முகமும் தெரியும்.
பிரூக் முன்சீட்டில். லெம்லெம் கடைசியில்.
நடுவில் ஒன்பது பேரும் பாடினார்கள்.
இந்த இரண்டு பேரும் பாடினார்கள்தான்,
ஒருவர் நிறுத்திய பிறகே மற்றவர்.

ஆனைமலையில் மாசாணியம்மன்.
எப்போதும் நிற்பேன்; அன்றைக்கு யோசித்தேன்.
"உங்க சாமிங்களா? நில்லுங்க" என்றார்கள்.
எலுமிச்சம்பழத்தோடு திரும்பினால்
மிளகாய் அரைக்கும் கல்லருகே லெம்லெம்.
ஓர் அம்மா அரைக்கிறாள், கண்ணைத் துடைக்காமல்.
"எதுக்குங்க அண்ணா?"
"அநியாயம் செஞ்சவனுக்கு எரியோணும்னு, அம்மிணி."
வெகுநேரம் பார்த்தாள்.
"என் ஊருக்கு எத்தனை மூட்டை வேணும்?"
வண்டி நிறுத்தியதற்குப் பணம் கேட்டான் ஒரு பையன்.
அதைக் கொடுத்தேன்.

குரங்கு அருவியில் குளித்து ஒரு செருப்பைத் தொலைத்தார்கள்.
கொண்டை ஊசிகளை அவர்கள் பாஷையில் எண்ணினார்கள்.
ஒன்பதில் இறங்கினோம். கீழே ஆழியாறு,
வெயிலில் காயப்போட்ட தகரம்.
பாறை விளிம்பில் வரையாடு ஒன்று
லைசென்ஸ் எடு என்பது போல எங்களைப் பார்த்தது.
"எங்க மலையில இதுக்கொரு பங்காளி உண்டுங்க" என்றான் பிரூக்.
எந்தச் சந்தையில் பொறுக்கினானோ அந்தச் சொல்லை.
வண்டிப்படியிலிருந்து லெம்லெம், தமிழிலேயே:
"பங்காளின்னா சண்டை போடறவங்கதானே?"
அவர்கள் பாஷையில் சொன்னால்
அவனிடம் பேசியதாகிவிடுமே.
யாரும் சிரிக்கவில்லை.
எனக்கு எங்கள் தோட்டத்து வரப்பு ஞாபகம் வந்தது.
ஆறடி மண், பெரியப்பன் மகன்,
பதினேழு வருஷமாய் வாய்தா.
வண்டியைக் கிளப்பினேன்.

ராத்திரி தெஸ்ஃபாயே தனியாகச் சொன்னான்.
அவன் ஊரிலிருந்து சண்டைக்குப் போனார்கள்,
குண்டு விழுந்தது அவள் ஊரில்.
இரண்டு வீட்டிலும் சாப்பிட ஆள் குறைவு.

ஞாயிறு. எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை.
வெள்ளைத் துணி போர்த்தி, செருப்பைக் கழற்றி,
ராத்திரி மழை காயாத புல்லில் நின்றார்கள்.
தட்டிப் பாடட்டும் என்று
தண்ணீர் கேனைக் கவிழ்த்துக் கொடுத்தேன்.
"நோன்புல மேளம் இல்லைங்க."
சாமியாரும் இல்லை. பிரூக்தான் முன்னால் நின்றான்,
ஊரில் கோயில் வேலை பழகினவனாம்.
ஒரு மணி நேரம். இரண்டு. உட்காரவே மாட்டார்களா?
அட்டை ஏறியது. நோன்பு அவர்களுக்குத்தானே, அட்டைக்கா?
லெம்லெம் குதிகாலில் நூலாய் ரத்தம்.
அவள் குனியவில்லை.

பிரூக் ஏதோ சொன்னான், குரல் கொஞ்சம் கம்மி.
ஒருவரைப் பார்த்து ஒருவர் தலை தாழ்த்தினார்கள்.
சமாதானம் சொல்லிக்கொள்கிற இடமாம் அது.
ஒவ்வொருவராய் முடித்து
அவள் முன்னால் வந்து நின்றான்.
அந்நேரம் பார்த்து மஞ்சு இறங்கியது.
வால்பாறை மஞ்சு யாரைக் கேட்டு வருகிறது?
வெள்ளைக்குள் வெள்ளை.
விலகினபோது
எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

டேஷ்போர்டில் இருந்த உப்புப் பொட்டலம்
கைமாறிக் கைமாறிக் கடைசிச் சீட்டுக்குப் போனது.
முதலில் எடுத்தது யார், நான் பார்க்கவில்லை;
இறக்கத்தில் கண்ணாடி பார்க்க நேரமேது?
பொள்ளாச்சி தாண்டித்தான் பார்த்தேன்.
பிரூக் முன்சீட்டில், லெம்லெம் கடைசியில்,
நடுவில் ஒன்பது பேரும் தூக்கம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வாய்தா.
வக்கீலுக்குப் போன் போட்டு
பெரியப்பன் மகன் நேரில் வருவானா என்றேன்.
"எதுக்குங்க கேக்கறீங்க?"
"சும்மாதானுங்க."