ஒருபுறம்

பேயின்னவுங் சந்தை. மின்சாரம் போன மதியம்.
சென்னைக்குக் கப்பலேறக் காத்திருக்கும் உளுந்து,
மூட்டைக்கு ஐம்பது கிலோ என்கிறது முத்திரை.

முத்திரையை நம்பித்தான் தொடங்க வேண்டும்.
சாட்சி வரும்வரை முதலாளியும் நிரபராதி.

தராசைத் தொடும் முன்பே, காலையில்,
பென்சிலால் எழுதியிருந்தேன்:
கேள்வி, குறைகிறதா?
கூடினால் யார் அழப்போகிறார்கள்!

குலுக்கலில் வந்த எண்கள் பதினாறு.
சில மூட்டைகள் அடுக்கின் அடியில்;
கோ தெய்ன் முனகிக்கொண்டே இழுத்துத் தந்தார்.
சராசரி நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.
மூட்டைக்கு மூட்டை ஆடும் விலக்கம் புள்ளி நான்கு,
பதினாறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் புள்ளி ஒன்று.
ஆக, இரண்டு படி
கீழே நிற்கிறது உளுந்து.

வைரக்கண்ணு அட்டவணையைத் தன் பக்கம் திருப்பினார்.
படித்தவர். விரல் தடுமாறாமல் போய் நின்றது.
"இருபுறமும் பார்த்தால் எல்லை இரண்டு புள்ளி ஒன்று மூன்று.
தாண்டலையே, தங்கச்சி."

தாண்டவில்லைதான்.
ஒருபுறம் என்றால் ஒன்று புள்ளி ஏழு ஐந்து.
தாண்டியாயிற்று.

அதே மூட்டை, அதே தராசு.
விடை தெரிந்தபின் கேள்வியை மாற்றலாமா
என்பது மட்டும் பாக்கி.

சரியாக ஐம்பது நிறுக்கும் கிடங்குகள் நூறு இருந்தால்
ஐந்தின்மேல் என் பென்சில் வீண்பழி போடும்.
இவர் அந்த ஐந்தில் ஒருவரோ,
எனக்குத் தெரியாது.
தெரியாது என்றும் எழுதினேன்.

பிறகு காகிதத்தை நீட்டினேன்.
காலைத் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை,
காய்ந்து பழுத்து,
கறைக்கு அடியில் 'குறைகிறதா'.

அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.