மரகதப் பச்சை

எனக்குச் சோங் வம்சக் கிண்ணங்கள் எல்லாம்
சாம்பல் நிறம்தான்.
பரமேஸ்வராச் சந்தியில்
மை குறைந்த பிரதி இயந்திரம் பெற்றுப்போட்ட பிள்ளைகள்.
மூலப் புத்தகத்தின் வர்ணத் தாள் பதினாறையும்
எனக்கு முன்னமே யாரோ பிளேட்டால் அறுத்திருந்தார்கள்,
ஓரம் பிசகாமல்,
படிப்பில் பிரியம் உள்ள கள்ளன்.

தப்பிக் கிடந்தது ஒரு மலை.
மலையில் பாதி மூட்டம்.
மூட்டத்தின் நடுவில்
நூலகத்தின் நீள்வட்ட முத்திரை, நாவற்பழ ஊதாவில்.
"பார் சேர், படத்தைப் பழுதாக்கி" என்றேன்.
"பேரரசர்மாரும் உதைத்தான் செய்தவை.
பிடிச்ச படத்தில எல்லாம்
சிவப்பாக் குத்திப்போட்டுப் போனவை."
வாகீசன் சேர் சீனாவுக்குப் போனதில்லை.
விசாவுக்கு வரிசையில் நின்ற கதை மட்டும்
வருசம் ஒருமுறை வரும்,
ஒவ்வொரு முறையும் வரிசை கொஞ்சம் நீண்டு.

வேலணை பஸ்ஸில் கொண்டக்டர் கேட்டான்:
"சைனீஸ் என்டால் சமையலோ?"
ஓம் என்றேன்.
மிச்சக் காசு தரும்போது
பிறைட் ரைஸ் எப்படி என்று கேட்டான்.

சோதனையில் வந்த கேள்வி:
'வெறுமை என்பது விடப்பட்ட இடமன்று, வரையப்பட்ட இடம். ஆராய்க.'
பத்து நிமிடத்தில் கரண்ட் போனது.
மின்விசிறி ஓய, தாள்கள் அடங்கின.
மூன்று பக்கம் எழுதினேன், எல்லாம் குறிப்பில் இருந்தது.
ஒவ்வொரு நாளும் காலை பண்ணைப் பாலத்தில்
கடல் எது வானம் எது என்று பிரியாத நேரம்
களங்கண்டித் தடிகள் மட்டும்
தண்ணீரில்லாத எதன்மேலோ நட்டபடி நிற்கும்.
அதை எழுதவில்லை.
புள்ளி கிடைக்கும் என்று தோன்றவில்லை.

அடுத்த கேள்விக்கு
'இக்கிண்ணங்களின் மெருகு மரகதப் பச்சை' என்று எழுதினேன்.
ஆரோ தமிழாக்கியவர் தந்த சொல்.
மரகதமும் நான் கண்டதில்லை.
டிலக்சிகா தண்ணீர்ப்பச்சை என்று எழுதினாள்.
ஹற்றனில் இருந்து வந்த முனியசெல்வி
கொழுந்தின் அடிப்பக்கம் என்று எழுதி
மூன்று பேரிலும் கூடப் புள்ளி எடுத்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு
அல்லைப்பிட்டியிலிருந்து றெஜினோல்ட் அண்ணை ஆள் அனுப்பினார்.
சீனப் படிப்புப் படிக்கிற பிள்ளையாம்,
ஒருக்கா வந்து பார்க்கட்டாம்.
மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது வந்ததாம்.
நாலு மாதமாய்க் கோழி தண்ணி குடிக்கிறது அதில்.

பாதிக் கிண்ணம்.
தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையில் எடுத்தேன்.
உள்ளே பாசி.
பெருவிரலால் தேய்த்தேன், பாசி போனது.
திரும்பத் தேய்த்தேன், நிறம் போகவில்லை.
மரகதம் இல்லை.
கொழுந்தும் இல்லை, முனியசெல்வி.
பச்சைக்கு வர யோசித்து
நடுவழியில் நின்றுவிட்ட ஒன்று.
அடியில் மெருகு தொடாத வளையம்,
அதில் சூளை மணல் மூன்று பருக்கை,
ஒரு விரல் வழுக்கின தடம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
அவனுக்குச் சின்ன விரல்.

"எவ்வளவு வரும்?" என்றார் அண்ணை.
விற்கேலாது, தொல்லியல் திணைக்களத்துக்கு
அறிவிக்க வேணும் என்றேன்.
"அறிவிச்சால்?"
வந்து பார்ப்பினம், சிலவேளை வளவைத் தோண்டுவினம்.
அவர் குழியைப் பார்த்தார்.
அடுக்கி வைத்த சீமெந்துக் கல்லைப் பார்த்தார்.
இந்த வளவை ஏற்கெனவே இரண்டு தரம்
ஆக்கள் வந்து தோண்டினவை என்றார்,
ஆர் என்று சொல்லவில்லை.
"அப்ப நான் ஒண்டும் காணேல்லை, பிள்ளை.
நீ கண்டனியோ?"

பதில் சொல்லவேண்டிய இடத்தில்
நான் கிண்ணத்தை வெயிலுக்குத் திருப்பினேன்.
ஆயிரம் வருசமாய் உடைந்த ஓரம்
இன்னும் கூராய் இருந்தது.
பேடு ஒன்று வந்து
காலடியில் நின்று
தலையைச் சரித்து என்னைப் பார்த்தது,
தண்ணிக்கு.