ஒரே ஏவல்

மோசல் ஆற்றின் மேலே அந்தச் சரிவில்
ஆடு ஏறினாலும் மூச்சு வாங்கும்.
இடுப்பில் வாளி, கையில் கத்தரி,
அக்டோபர் மூன்றாம் வாரம்.
ருமேனியாவிலிருந்து வந்த சம்ஃபீராவுக்குத்
தெரிந்த ஜெர்மன் இருபது சொல்.
முதல் சொல் லேசன்:
திராட்சை பறிப்பது,
அழுகலைத் தள்ளுவது,
சிந்தியதையும் விடாமல் பொறுக்குவது.
ஏவினால் அதுவே லீஸ்.
(நம் காதுக்குக் குத்தகை. அது வேறு.)

செவ்வாய் பிற்பகல்
கொடிவரிசைக்கே ஏறி வந்தது
ஆலங்கட்டிக் காப்பீட்டுக்காரர்களின் பதில்.
கெர்லிண்டே உறையைக் கிழித்தாள்.
மூக்குக்கண்ணாடி கீழே, டிராக்டரில்.
நாலு தாளையும் சம்ஃபீராவிடம் நீட்டி
"லீஸ்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று.

ஒன்று கொடியில், ஒன்று கம்பிவேலியில்,
ஒன்று கல்சுவர் இடுக்கில்,
ஒன்று ஆற்றைப் பார்த்து.
சம்ஃபீரா யோசிக்கவில்லை.
சரளைக்கல் சரியச் சரிய ஓடினாள், தவழ்ந்தாள்,
நான்கையும் பொறுக்கிக்
குலைகளின்மேல் வைத்துக் கொண்டுவந்தாள்.
சொன்ன வேலை முடிந்தது.

"லீஸ்" என்றாள் கெர்லிண்டே மறுபடி.
சம்ஃபீரா வாளியைக் காட்டினாள்: ஆயிற்றே.
"லீஸ்!" இப்போது விரல் எழுத்தின்மேல்.
இருவரும் ஒரு சொல்லின் இரு முனையைப் பிடித்து
இழுத்துக்கொண்டு நின்றார்கள்.
பக்கத்து வரிசையில்
முதலில் சிரித்தது நான்தான்.

பொறுக்குவதுதான் மூத்த பொருளாம்.
வாசிப்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.
குறி செதுக்கிய குச்சிகளை எறிந்து
ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்த காலத்தில் என்று ஒரு கட்சி.
இல்லை, லத்தீனைப் பார்த்துப் பழகியது,
அங்கும் ஒரே வினைக்கு இந்த இரண்டு வேலைதான் என்று
இன்னொரு கட்சி.
நான் எந்தக் கட்சியும் இல்லை.
ஈரத் தாளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இரவு, உருளைக்கிழங்கு சூப் ஆறும்வரை
சம்ஃபீரா வாய் திறக்கவில்லை.
பிறகு சொன்னாள்; அவள் ஊர்க்காரன் கோஸ்டின்
எங்களுக்கு எடுத்துச் சொன்னான்:
அப்பா புசாவ் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர்.
ஈய எழுத்துகளை அறை அறையாய்ப் பொறுக்கித்
தலைகீழாய் அடுக்குவார்.
அந்த வேலைக்காரருக்குக் குலெஜெதோர் என்று பெயர்.
திராட்சை பறிக்கிறவருக்கும் அதே பெயர்.
"முப்பது வருஷமாய் இரண்டையும் சொல்கிறேன்.
ஒன்றாய்க் கேட்டதில்லை."

கடிதமா?
மூன்றாம் பக்கத்தில், ஒரு வாக்கியத்தின் பாதியில்
திராட்சைத் தோல் ஒட்டிக் காய்ந்திருந்தது.
கெர்லிண்டே கண்ணாடி மாட்டி
நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தாள்.
அடியில் இருந்தது
இல்லை என்ற சொல்.